குழாய் வழியாகப் பால் இறங்கும்போது குறைமாதப் பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது

முதல் வாரம் முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது சிரிஞ்சை மட்டும்தான். என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள், எடை 1.3 கிலோ. செக்கானூரணியிலிருந்து மதுரைக்கு ஓடி, ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால், பால் எத்தனை மில்லி இறங்கியது என்பதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. இறங்கி முடிந்தால் அப்பாடா என்று இருக்கும். ஒரு ராத்திரி டியூட்டியில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருவர்தான், "பாலை நான் பார்த்துக்கறேன், நீ பிள்ளையோட விரலைப் பாரு" என்றார். இங்கே எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை.

உறிஞ்சுவது, விழுங்குவது, நடுவில் மூச்சு விடுவது, இந்த மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வர கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆகும். அதுவரை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ மெல்லிய குழாய் விட்டு இரைப்பைக்கே பாலை இறக்குகிறார்கள். குழாயைப் போடுவதும், அது சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பதும் சிஸ்டர் வேலை. நாம் செய்ய வேண்டியது, உதட்டோரம் குழாயில் உள்ள குறியை மனதில் வைத்துக்கொள்வது. பிளாஸ்டர் நழுவியிருந்தாலோ குறி வெளியே வந்திருந்தாலோ பால் ஊற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். நாமாக உள்ளே தள்ளவே கூடாது.

பால் வரும் முன்பே டயப்பரை மாற்றிவிடுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். வயிறு நிறைந்த பிள்ளையின் இரண்டு காலையும் மேலே தூக்கினால் வயிறு நசுங்கி, போன பால் அப்படியே மேலே வரும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பிள்ளையைப் பக்கவாட்டில் மெல்ல உருட்டி மாற்றலாம். டயப்பர் இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

அடுத்தது கூடு. வயிற்றுக்குள் இருக்கும்வரை நாலு பக்கமும் அணைப்பாக இருந்த பிள்ளைக்கு, வெளியே வந்ததும் கை கால் எங்கே முட்டுவது என்றே தெரியாது, தசைக்கும் வலு கிடையாது, தவளை மாதிரி விரித்துப் போட்டுக் கிடக்கும். பழைய சுங்குடிச் சேலையை விட நல்ல துணி இதற்கு இல்லை என்பது என் கட்சி. பத்து வருஷம் துவைத்துத் துவைத்து நைந்த சேலையாக இருந்தால் இன்னும் விசேஷம். வார்டில் வெளித்துணி அனுமதிப்பார்களா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். துவைத்து, வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுபோய், நீளமாகச் சுருட்டி ப வடிவில் வைக்க வேண்டும். பாதம் சுருளின் அடியில் முட்ட வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், தோள்கள் லேசாக முன்னால் வந்து இரண்டு கையும் வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். துணி முகத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

கழுத்துதான் ரொம்ப முக்கியம். தாடை நெஞ்சில் போய் ஒட்டினால் மூச்சுக்குழல் மடங்கும், தலை பின்னால் சாய்ந்தாலும் கஷ்டம். மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தால் பிள்ளை கீழே சரிந்து இடுப்பில் மடங்கிப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள், மடங்கிய வயிற்றில் பால் தங்காது.

இடதா வலதா? இடது பக்கம் சாய்த்தால் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் வாய் மேலே நிற்கும், எதுக்களிப்பு குறையும். வலது பக்கம் சாய்த்தால் இரைப்பை சீக்கிரம் காலியாகும், ஆனால் எதுக்களிப்பு கூடும். குப்புறப் படுத்தாலும் பால் நன்றாகத் தங்கும், ஆனால் அது மானிட்டர் மாட்டிய பிள்ளைக்கு, சிஸ்டர் கண்ணெதிரில் மட்டும். உங்கள் பிள்ளைக்கு எது என்று டாக்டரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள்.

பால் தானாக இறங்க வேண்டும். பிஸ்டனை எடுத்துவிட்டு, சிரிஞ்சின் குழலில் பாலை ஊற்றிப் பிடிப்பார்கள். உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் நிதானம். பொதுவாக 10 முதல் 20 நிமிடம் ஆகும். ஒருநாள் யாரோ அவசரத்தில் உயரத் தூக்கிப் பிடித்து இரண்டே நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். அவள் முகம் சுருங்கி முதுகு வில்லாக வளைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கொஞ்சம் மெதுவாக சிஸ்டர் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இந்த நேரத்தில்தான் விரலைப் பார்க்க வேண்டும். விரல் மடங்கி, முகம் தளர்ந்து இருந்தால் எல்லாம் சரி. ஐந்து விரலும் விசிறி மாதிரி விரிந்தால், நெற்றி சுருங்கினால், விக்கலும் கொட்டாவியுமாக வந்தால், 'எனக்குத் தாங்கவில்லை' என்று சொல்கிறது. சிரிஞ்சைத் தாழ்த்தச் சொல்லுங்கள். உதட்டில் பால் தெரிந்தாலோ, நிறம் வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, மானிட்டரில் இதயத்துடிப்பு இறங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும். வயிறு உப்பிக் கல் மாதிரி ஆவது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

நம் ஊரில் பிள்ளை சிணுங்கினால் கை தானாகத் தட்டிக்கொடுக்கப் போகும். குறைமாதப் பிள்ளைக்குத் தட்டுவதும் தடவுவதும் தொந்தரவுதான். ஒரு உள்ளங்கையைத் தலையிலும் இன்னொன்றைப் பாதத்திலும் வைத்து அசையாமல் இருந்தால் அடங்கிவிடும். கையைக் கழுவி, சூடாக்கிக்கொண்டு தொடுங்கள்.

இதையெல்லாம் விடச் சுகமான இடம் ஒன்று உண்டு, அம்மாவின் நெஞ்சு. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் தொடங்கியதுதான் கங்காரு முறை. குறைமாதப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யலாம் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. நீங்கள் பாதி சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையை டயப்பரோடும் குல்லாவோடும் நெஞ்சுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சேலையால் கட்டிக்கொண்டால், குழாயில் பால் அப்போதும் இறங்கும். பாலைப் பீச்சி எடுத்த மார்பில் வாயை வைத்தால் சப்பிப் பார்க்கும், வயிறு நிறைவதையும் சப்புவதையும் சேர்த்துப் பழகும். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார், கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

முடிந்ததும் அரை மணி நேரம் பிள்ளையை அப்படியே விடுங்கள். ஏப்பத்துக்காக முதுகில் தட்ட வேண்டாம். பார்க்க வந்த பெரியம்மா ஆசையாகச் சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரோடு நிற்பார், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பாலாடைக்கோ சங்குக்கோ மாற்றும்போது, மடியில் நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் விளிம்பை வைத்துக் காத்திருங்கள், ஊற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கூடு, தலையணை, குப்புறப் போடுவது எல்லாம் நின்றுவிட வேண்டும், தூங்குவது மல்லாந்து, சமமான படுக்கையில். அந்தச் சுங்குடியில் தூளி கட்ட எங்கள் மாமியார் ஆள் அனுப்பிக் கொக்கி மாட்டி வைத்திருந்தார். தூளியில் தாடை நெஞ்சில் இடிக்கும் என்று சொல்லிப் புரியவைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கொக்கி ரொம்ப நாள் சும்மாதான் தொங்கியது.