உங்கள் ஊர் எந்தத் தொகுதி? மனு எழுதும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்

காங்கேயத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களுக்குக் குறையைச் சொல்லத் தெரிகிறது. யாரிடம் சொல்வது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். தப்பான முகவரிக்குப் போன மனு மாதக்கணக்கில் மேசை மேசையாக அலையும். அதனால் எழுத உட்காரும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் குழப்பம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2008 மறுவரையறையில், அதாவது தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்தபோது, வெள்ளகோயில், பொங்கலூர், சத்தியமங்கலம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் போய்விட்டன. கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியும் போனது. ஈரோடும் திருப்பூரும் புது மக்களவைத் தொகுதிகளாகி, 2009 தேர்தலில் முதல் ஓட்டைப் பார்த்தன. திருப்பூர் மாவட்டமோ 2009 பிப்ரவரியில், தொகுதிக் கோடு போட்ட பிறகு பிறந்தது. காங்கேயமும் தாராபுரமும் அதுவரை ஈரோடு மாவட்டம். ஆகவே மாவட்டம் மாறியும் எம்.பி. மட்டும் ஈரோட்டிலேயே நின்றுவிட்டார்.

இப்போது திருப்பூர் மாவட்டத்தின் எட்டு சட்டமன்றத் தொகுதிகள் ஐந்து எம்.பி.க்களிடம் பிரிந்து கிடக்கின்றன. காங்கேயமும் தாராபுரமும் ஈரோடு. அவிநாசி நீலகிரி. பல்லடம் கோவை. உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சி. திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டும் திருப்பூர்.

சென்னிமலையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "ஏனுங்க, எங்களுக்கு மாவட்டம் ஈரோடு, தாலுகா பெருந்துறை. அப்புறம் எதுக்குங்க காங்கேயம் எம்.எல்.ஏ.?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெருந்துறை தாலுகாவின் ஒரு பகுதி காங்கேயம் தொகுதியில் இருக்கிறது, சென்னிமலை அதில் அடக்கம். ஊத்துக்குளிக்காரர்களுக்கு இதே கதை தலைகீழ்: மாவட்டம் திருப்பூர், எம்.எல்.ஏ. பெருந்துறை, எம்.பி. திருப்பூர்.

பழைய வாக்காளர் அட்டையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் மறைந்துபோன தொகுதியின் பெயர்கூட இருக்கலாம். 1950-க்கு அழையுங்கள், இல்லையென்றால் உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். சட்டமன்றத் தொகுதி, பாகம் எண் (பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிப் பகுதியின் எண்), வரிசை எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூரில் குடியேறிவிட்டு ஓட்டை மட்டும் ஊரில் விட்டுவைத்திருப்பவர்கள் படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். புதிதாகச் சேர்பவர்களுக்குப் படிவம் 6. தினம் குடிக்கும் தண்ணீரும் நடக்கும் தெருவும் திருப்பூரில் இருக்கும்போது ஓட்டும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்து யாருக்கு எழுதுவது. ரயில், தபால், பாஸ்போர்ட், பி.எஃப்., தேசிய நெடுஞ்சாலை என்றால் எம்.பி. ஊத்துக்குளியில் ஒரு ரயில் நிற்க வேண்டுமென்றால் திருப்பூர் எம்.பி.க்குப் போங்கள். டவுன் பஸ், ரேஷன் கடை, அங்கன்வாடி, அரசுப் பள்ளிக் கட்டடம் என்றால் எம்.எல்.ஏ. பட்டா, முதியோர் உதவித்தொகைக்கு முதலில் தாலுகா ஆபீஸ். நகராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். கலெக்டர் என்றால் உங்கள் மாவட்டத்துக் கலெக்டர். எம்.பி. ஈரோட்டுக்காரர் என்பதற்காகக் காங்கேயத்துக்காரர் ஈரோடு கலெக்டரிடம் போய் நிற்க வேண்டாம்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. முதல் பத்தியிலேயே ஊர், ஊராட்சி, தாலுகா, சட்டமன்றத் தொகுதி, மக்களவைத் தொகுதி எல்லாம் வந்துவிட வேண்டும். "எங்கள் பகுதியில் பேருந்து வசதி குறைவு" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. நான் இப்படி எழுதுவேன்: "மாலை ஐந்தரைக்குப் பிறகு எங்கள் ஊருக்குப் பேருந்து இல்லை. மில் வேலை முடிந்து வரும் பெண்கள் மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடக்கிறார்கள். ஏழு மணிக்கு ஒரு நடை வேண்டும்." நேரம், தூரம், கேட்பது என்ன, மூன்றும் அதில் இருக்கிறது. கிராம சபையில் இதையே தீர்மானமாக்கி நகலை இணைத்தால் மனுவுக்கு எடை கூடும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் சபை கூடும்போது விட்டுவிடாதீர்கள்.

அடுத்த மறுவரையறை வரும்போதும் இதே பழக்கம் கைகொடுக்கும். வரைவை அரசிதழில் வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பொதுமக்கள் அமர்வு நடத்துவார்கள். இறுதி ஆணை வந்த பிறகு அது சட்டத்துக்குச் சமம், மாற்றுவது கடினம். ஆகவே வரைவு நிலையிலேயே பேசிவிடுங்கள். "எங்கள் ஊரைப் பிரிக்காதே" என்று மட்டும் எழுதினால் போதாது. நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி இவற்றைப் பார்த்துத்தான் கோடு போட வேண்டும் என்று 2002 மறுவரையறைச் சட்டமே சொல்கிறது. எந்தச் சந்தைக்குப் போகிறீர்கள், எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ் ரூட், தாலுகா ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர் என்று அந்த வரிசையிலேயே எழுதுங்கள். ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு பாகம் எண்ணும் இருக்கட்டும். கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கி, மனுவின் ஜெராக்ஸோடு சேர்த்துப் பின் அடித்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.