வாழைநார்த் தாள்: அரைப்பதல்ல, அடிப்பது

வீட்டில் தாள் செய்ய இறங்குபவர்கள் முதலில் மிக்சியைத் தேடுகிறார்கள். மிக்சி நாரை வெட்டிக் குட்டையாக்கிவிடும். மரச்சுத்தியல் அதை நசுக்கிப் பிசிறு எழுப்பும். காயும்போது அந்தப் பிசிறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் பசையே இல்லாமல் தாள் உருவாகிறது.

100 கிராம் காய்ந்த வாழைநாரை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் 3 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சலவை சோடா கரைத்து, 2 முதல் 3 மணி நேரம் வேகவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். ஒரு நாரை இழுத்தால் சிரமமில்லாமல் பிரிய வேண்டும். கையில் வழவழப்பு தட்டாமல் போகும் வரை அலசுங்கள்.

இனி அடிப்பது. ஈர நாரைக் கல்லில் பரப்பி அடித்து, மடித்து, மறுபடி அடியுங்கள். ஒரு மணி நேரமாவது பிடிக்கும். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதைச் செய்தாலும் தாள் உதிரும். ஒரு சிட்டிகை கூழைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் குலுக்கிப் பாருங்கள்: பஞ்சு மேகமாகப் பரவினால் போதும், திரிதிரியாக நின்றால் இன்னும் அடிக்க வேண்டும்.

கொசுவலையை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள்; தொய்ந்தால் தாள் நடுவில் தடிக்கும். அதே அளவில் வலையில்லாத மேல்சட்டம் ஒன்றும் வேண்டும். ஏ4 அளவில் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளுக்கு 5 கிராம் காய்ந்த கூழ் என்று கணக்கு. கூழைத் தொட்டித் தண்ணீரில் கலக்குங்கள். அதில் நார் முடிச்சு விழுந்தால், வெண்டைக்காயை நறுக்கி ஊறவைத்த கொழகொழ நீரை வடிகட்டிச் சேருங்கள். ஜப்பானியத் தாள்காரர்கள் வெண்டையின் உறவுச் செடியான தொரோரோ அவோயின் வேரை இதற்குத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வலைச்சட்டத்தின் மீது மேல்சட்டத்தை வைத்து, இரண்டையும் சேர்த்துச் சாய்த்துத் தொட்டிக்குள் விட்டு, மட்டமாகத் தூக்கி, தண்ணீர் வடிவதற்குள் இரு திசையிலும் மெல்ல ஆட்டுங்கள். பளபளப்பு மறைந்த பிறகு ஆட்டினால் தாள் விரிசல் விடும். மேல்சட்டத்தை எடுக்கும்போது ஒரு சொட்டு விழுந்தாலும் அந்த இடம் மெலிந்து வட்டத் தழும்பாகிவிடும்.

ஈர வேட்டித் துணியில் ஒரு விளிம்பை ஊன்றி, சட்டத்தைப் புரட்டி அழுத்தி, மறு விளிம்பிலிருந்து எடுங்கள். துணி காய்ந்திருந்தால் தாள் வலையை விட்டு வராது. பலகைகளுக்கு இடையில் பாரம் ஏற்றி அரை மணி நேரம் பிழியவிட்டு, கண்ணாடியில் ஒட்டி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் தனியாகப் போட்டால் ஓரம் சுருளும்.

பேனா மை ஊறாதிருக்க, காய்ந்த தாளில் நீர்த்த அரிசிக் கஞ்சி பூசி, உலர்ந்ததும் சோழியால் தேயுங்கள். மிஞ்சிய கூழைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். பிழிந்து உருட்டிக் காயவைத்தால் அடுத்த முறை ஊறவைத்து எடுக்கலாம்.