ஆலயச் சுவருக்கு வெள்ளையடிக்கும் முன்

சபையார் சேர்ந்து பழைய ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது எல்லார் கையும் முதலில் போவது பெயின்ட் டப்பாவுக்குத்தான். அதற்கு முன் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது சுவரைப் பார்த்த பக்கத்தில் நீர் முத்து முத்தாக நின்றால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. ஒழுகும் கூரை, அடைத்த மழைநீர்க் குழாய், சுவரடியில் ஏறிய மண் ஆகியவற்றைச் சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகுதான் மேல்வேலை.

சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் வேண்டவே வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு பூத்து, காரை பொருக்குப் பொருக்காக உதிரும். பெயர்ந்த இடத்துக்கு சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் அப்பினால் வெடிப்பு விழும்.

வெள்ளையடிக்க, சுவரை லேசாக நனைத்து, பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை 4 கோட் அடியுங்கள். ஈரத்தில் கண்ணாடி மாதிரித் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். இது தெரியாமல் புதியவர்கள் கெட்டியாக அடித்துவிடுவார்கள். அது மாவாக உதிரும்.

எத்தனை பேர் வந்தாலும் கரைப்பவர் ஒருவராகவே இருக்கட்டும். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலைக்கு மூலை முடித்துவிட்டே இறங்குங்கள், பாதியில் விட்டால் திட்டு தெரியும். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணியாதவரைச் சுண்ணாம்பின் பக்கமே விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே 20 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.