நேற்றுவரை சக ஊழியர், இன்று மேற்பார்வையாளர்

திருகோணமலையில், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ உள்ள ஒரு விடுதியில் நான்கைந்து ஆண்டுகள் வேலை செய்து, வரவேற்பு மேசையையும் அறைப் பராமரிப்பையும் நன்கு கற்றுக்கொண்ட ஒருவரை முகாமையாளர் ஒரு நாள் அழைத்து, அடுத்த மாதத்திலிருந்து நீங்கள்தான் மேற்பார்வையாளர் என்று சொல்லிவிடுகிறார். சம்பளம் சிறிது கூடுகிறது, சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டி மாறுகிறது. ஆனால் நேற்றுவரை ஒரே கேத்தலில் தேநீர் ஊற்றிக் குடித்தவர்களிடம் இன்று வேலை வாங்குவது எப்படி என்பதை எவரும் சொல்லித்தருவதில்லை. நானும் அந்த நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்தேன். தலைமைத்துவம் பற்றிய பயிற்சிப் பட்டறைகளில் கேட்டவற்றில் பெரும்பகுதி மறந்துபோய்விட்டது. ரோஸ்டர் என்று எல்லோரும் சொல்கிற கடமைப் பட்டியலை வாராவாரம் போட்டுக் கற்றது மறக்கவில்லை. ஊழியர்கள் உங்கள் நியாயத்தை அளப்பது அந்த ஒரு தாளில்தான் என்பதால், இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் அதைச் சுற்றியே செல்லும்.

முதல் வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கால் மணி நேரம் பேசுங்கள். எந்த வேலை மிகவும் சலிப்பாக இருக்கிறது, வருடத்தில் எந்த நாட்களில் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும், இரவு வேலை முடிந்தால் எப்படி வீடு போய்ச் சேருகிறீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான விடையைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூதூரிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் வருபவர்களுக்குக் கடைசி பஸ் புறப்படும் நேரம்தான் உண்மையான வேலை முடியும் நேரம். அதற்குப் பத்து நிமிடம் பிந்தினால் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் பணத்தில் அன்றைய உழைப்பின் ஒரு பகுதி போய்விடும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்கிருந்து வந்தவர்கள் பாதையில், அதாவது வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக் கடக்கும் அந்த மிதவையில், காத்து நின்றே வந்தார்கள் என்றும், “பாதை பிந்திவிட்டது” என்றால் எந்தக் கந்தோரிலும் மறுபேச்சு இருக்கவில்லை என்றும் மூத்தவர்கள் சொல்வதுண்டு. பாலம் வந்த பிறகு தாமதத்துக்குச் சொல்லக்கூடிய காரணம் குறைந்தது. இரவு பத்து மணிக்குப் பிறகு பஸ் கூடவில்லை.

அடுத்தது, எப்படி அழைப்பது என்ற சிக்கல். நம் ஊரில் வயதில் மூத்தவரை அண்ணா என்றும் அக்கா என்றும், முஸ்லிம் நண்பரானால் நானா என்றும் அழைத்துப் பழகியிருப்போம். பதவி வந்த மறுநாள் அந்த முறையை விட்டுவிட்டுப் பெயர் சொல்லி அழைத்தால், நீங்கள் பெற்றது பதவியுயர்வு அல்ல, தலைக்கனம் என்றே எடுத்துக்கொள்வார்கள். முறைப்பெயரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வேலையை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். “நானா, ஏழாம் இலக்க அறை பன்னிரண்டு மணிக்குள் தயாராக வேண்டும், உங்களுக்கு ஆள் உதவி வேண்டுமா?” என்பதில் மரியாதையும் இருக்கிறது, நேரக்கெடுவும் இருக்கிறது. “முடிந்தால் கொஞ்சம் பாருங்களேன்” என்று இழுத்தால் அவர் பார்க்கமாட்டார். பிறகு கோபப்பட உங்களுக்கு உரிமையும் இருக்காது. இளையவர்களை விருந்தினர் முன்னிலையில் “டேய் தம்பி” என்று கூப்பிடும் பழக்கம் இருந்தால் அதை அன்றே விட்டுவிடுங்கள்.

இனி, பட்டியல். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலமே விடுதிகளுக்கு அறுவடைக் காலம். அதற்குச் சற்று முன்னர் சித்திரைப் புத்தாண்டு வருகிறது; தமிழரும் சிங்களவரும் ஒரே நாட்களில் லீவு கேட்பார்கள், உள்நாட்டு விருந்தினர் வந்து குவிவதும் அதே நாட்களில்தான். இத்துடன் நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழப் பதினொரு நாட்கள் முந்தி வருவதால், சென்ற ஆண்டுப் பட்டியலை அப்படியே பிரதி செய்யவும் முடியாது. 2024 இல் நோன்புப் பெருநாளும் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன.

அப்படியொரு நெருக்கடியில் நான் ஒரு முறை பெரிய பிழை விட்டேன். முதலில் கேட்டவருக்கு முதலில் லீவு என்று அறிவித்தேன். கேட்க நியாயமான விதிதான். ஆனால் விவரம் தெரிந்த நாலு பேர் ஜனவரியிலேயே பெயர் எழுதிவிட்டார்கள், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கும் ஒரு நாள்கூட மிஞ்சவில்லை. புத்தாண்டு முடிந்து இரண்டு மாதங்கள் சென்ற பிறகும் சமையலறையில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதன் பிறகு கைக்கொண்ட முறை இது. பெப்ரவரியிலேயே ஆண்டு நாட்காட்டி ஒன்றைச் சுவரில் ஒட்டி, சித்திரைப் புத்தாண்டு தொடங்கி நத்தார் வரை, பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழா, ஹஜ் பெருநாள், வெசாக் உட்பட எல்லா நாட்களையும் அதில் குறித்துவிடுவேன். ஒவ்வொருவரும் தமக்கு விட்டுக்கொடுக்க முடியாத இரண்டு நாட்களை மட்டும் தெரிவு செய்ய வேண்டும். ஒரே நாளை அதிகமானோர் கேட்டால், சென்ற ஆண்டு அந்த நாளில் வேலை செய்தவருக்கே முன்னுரிமை. சென்ற ஆண்டு யார் நின்றார் என்பதை நினைவை நம்பிச் சொல்லாமல் பழைய பட்டியலைக் காட்டியே சொல்ல வேண்டும் என்பதால், பட்டியல்களைக் கோவையில் போட்டு வையுங்கள். பெருநாளில் முஸ்லிம் நண்பர்களின் இடத்தைத் தமிழரும் சிங்களவரும் நிரப்புவதும், புத்தாண்டில் அது திரும்பி வருவதும் தானாக நடக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதை எழுத்தில் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு. நோன்பு மாதத்தில் மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை நோன்பிருப்பவரை வரவேற்பு மேசையில் தனியே நிறுத்தாதீர்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் இதே கவனம் வேண்டும்.

சட்டத்தையும் ஓரளவு தெரிந்திருங்கள். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருவோருக்குச் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். இரண்டாம் ஆண்டிலிருந்து வருடாந்த லீவு 14 நாட்கள், திடீர்த் தேவைகளுக்கான லீவு 7 நாட்கள். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். உங்கள் நிறுவனத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத் தொழில் திணைக்களத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். “இதெல்லாம் கணக்குப் பிரிவின் வேலை” என்று ஒதுங்கும் மேற்பார்வையாளரிடம் ஊழியர்கள் பிறகு எதையும் கேட்கமாட்டார்கள். வெளியில் போய்க் கேட்பார்கள்.

மொழி விடயத்தில் நாம் நினைப்பதைவிட அதிகம் தவறுகிறோம். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது என்பது அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் வேலைத்தளத்து அறிவித்தற்பலகையில் எந்த மொழி இருக்கும் என்பதை அன்றன்று பேனா பிடிப்பவர்தான் தீர்மானிக்கிறார். இரண்டு மொழியிலும் எழுதுங்கள். வாய்மொழியாக ஒரு வேலையைச் சொன்னால் “விளங்கியதா?” என்று கேட்காதீர்கள், விளங்காதவரும் தலையாட்டுவார், என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். உங்கள் சிங்களம் தட்டுத்தடுமாறினாலும் பேசுங்கள். மூவர் இருக்கும் இடத்தில் இருவருக்கு மட்டும் புரியும் மொழியில் சிரித்துப் பேசினால், மூன்றாமவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எண்ணுவார். அவர் இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் எண்ணுவோம்.

பிழையைச் சுட்டிக்காட்டுவதைத் தனியிடத்தில், அன்றைக்கே செய்யுங்கள். மூன்று வாரத்துப் பிழைகளைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் கொட்டுவது கண்டிப்பு ஆகாது, பழிதீர்ப்பு ஆகிவிடும். நடந்ததைச் சொல்லுங்கள், குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள்: “இந்த வாரம் மூன்று நாள் எட்டரைக்கு வந்தீர்கள்” என்றால் அவர் காரணம் சொல்வார், “உங்களுக்குப் பொறுப்பே இல்லை” என்றால் சண்டைக்கு வருவார். விருந்தினர் ஒருவர் ஊழியரைக் குறைகூறினால், அவர் முன்னால் ஊழியரை ஏசி விருந்தினரைச் சமாதானப்படுத்தும் மலிவான வழியில் இறங்காதீர்கள். நீங்களே மன்னிப்புக் கேட்டுவிட்டு, உள்ளே வந்து இரு பக்கத்தையும் விசாரியுங்கள். நெருங்கிய நண்பர் பிழை விடும்போதுதான் சோதனை கடினமாகும். எனக்கு அப்படியொரு நட்பு பாதியாகக் குறைந்தது. அதைத் தவிர்க்க ஒரு வழி இருந்ததாக இன்றும் தோன்றவில்லை.

வட்ஸ்அப் குழு பற்றி ஒரு சொல். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு குழுவில் எதுவும் போடாதீர்கள். அவசரமானால் உரியவருக்கு அழைப்பு எடுங்கள். ஒருவரின் பிழையைப் படம் பிடித்துக் குழுவில் போடுவது எல்லோர் முன்னிலையிலும் ஏசுவதேதான்.

ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று எழுந்து மழை இறங்கினால் அறைகள் வெறுமையாகும். அந்த மாதங்களில் பலர் ஆட்களைக் குறைப்பது பற்றி மட்டுமே யோசிப்பார்கள். நீங்கள் வருடாந்த லீவுகளை அப்போது கொடுத்துவிட்டு, மிஞ்சிய நாட்களில் அறைப் பராமரிப்பில் இருப்பவரை வரவேற்பு மேசையிலும், மேசையில் இருப்பவரைக் களஞ்சியத்திலும் பழக்குங்கள். உங்களுக்கு அடுத்து நிற்கக்கூடிய ஒருவரைத் தெரிந்து, கடமைப் பட்டியல் போடும் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் இருங்கள். மூன்றாவது வாரம் நீங்களே லீவில் போய்விடுங்கள். தொலைபேசியில் கூப்பிட்டு யாரை எங்கே போட்டீர்கள் என்று விசாரிக்க வேண்டாம். திரும்பி வந்த அன்று அவர் போட்ட பட்டியலை எடுத்து வாசியுங்கள். நீங்கள் வேறு விதமாகப் போட்டிருப்பீர்கள் என்று தோன்றும் இடங்களில் பேனாவை எடுக்காமல், ஏன் இப்படிப் போட்டார் என்று அவரிடமே கேளுங்கள்.