பிரஷர், சுகர்: வீட்டில் யாரை விட்டுவிடுகிறோம்?

சித்தப்பாவின் பிரஷர் மாத்திரையைப் பத்து வருடமாக வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவர் என் சித்தி. அவர் கையில் ஒருநாளும் யாரும் பட்டை சுற்றிப் பார்க்கவில்லை. 52 வயதில் பக்கவாதம் வந்து விழுந்த அன்றுதான் முதன்முதலாக அளந்தார்கள். மேல் அளவு 200-ஐத் தாண்டியிருந்தது. பக்கத்திலேயே இருந்த நாங்கள் யாரும் அவரைப் பற்றி யோசிக்கவில்லை என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

"எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று காத்திருப்பதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால்தான் பிரஷர் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. இதயம், மூளை, கண், சிறுநீரகம் என்று அது உள்ளுக்குள் வேலையைக் காட்டிக்கொண்டே இருக்கும். 30 வயது தாண்டிய எல்லோரும், ஒல்லியானவர்களும் சரி, உழைப்பாளிகளும் சரி, வருடம் ஒருமுறையாவது பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது.

பார்க்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. பஸ் பிடித்து ஓடி வந்து, வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு உடனே கையை நீட்டினால் அளவு ஏறித்தான் காட்டும். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே டீ, காபி, பீடி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை இதயத்தின் உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 140/90-க்கு மேல் இருந்தால் இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்வார்கள். சுகரில் வெறும் வயிற்று அளவு 126-ஐத் தொட்டால் நீரிழிவு, 100 முதல் 125 வரை என்றால் எச்சரிக்கை. இந்த எச்சரிக்கை நிலையில்தான் நடையாலும் சாப்பாட்டாலும் நோயைத் தள்ளிப்போட நல்ல வாய்ப்பு இருக்கிறது. "கொஞ்சம்தான் கூடியிருக்கு" என்று அந்த வாய்ப்பைக் கோட்டை விட்டுவிடுகிறோம்.

அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்துவதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு. மாத்திரை போடுவதால்தான் 130-க்கு இறங்கியிருக்கிறது; நிறுத்தினால் பழையபடி ஏறும். "ஆரம்பித்தால் ஆயுளுக்கும் போடணுமே, சிறுநீரகம் கெட்டுவிடுமே" என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷரும் சுகரும்தான், அந்த மாத்திரை இல்லை. டோஸைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சுகர் மாத்திரையை வாங்கிப் போடுவதும், விரத நாளில் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போடுவதும் ஆபத்து. சுகர் திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

சாப்பாட்டில், நோயாளிக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு தனியாக வைப்பார்கள். அந்தப் பத்தியம் பத்து நாள் தாங்காது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்கள் எல்லோருக்கும் சொல்லும் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். வீட்டுக்கே ஒரே குழம்பாக, உப்பைக் குறைத்து வையுங்கள்.

இனி பெண்கள். கர்ப்பத்தில் சுகர் இருந்தவருக்குக் குழந்தை பிறந்ததும் "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுகிறோம். பிற்காலத்தில் அவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒருமுறை, அப்புறம் தொடர்ந்து பார்த்தாக வேண்டும். தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் அன்றே அம்மாவுக்கும் பார்த்துவிடலாம். 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. வெட்கத்தாலும், கூட வர ஆள் இல்லாததாலும் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். கணவர் "வா, நான் கூட வருகிறேன்" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அளந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வீட்டுக்கு வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே! சித்தாள் வேலைக்குப் போனவர், நூறு நாள் வேலையில் நிற்பவர், திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்து பத்துக்குப் பத்து அறையில் தங்கியிருக்கும் வடமாநிலத் தம்பி, இவர்கள் யாரும் பகலில் அகப்பட மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். இவர்களை "அக்கறை இல்லாதவர்கள்" என்று சொல்வது அநியாயம். தெருவில் முகாம் நடத்துகிறவர்கள் வார நாளில் காலை பத்து மணிக்கு மேஜை போட்டுவிட்டு, ஆள் வரவில்லை என்று வருத்தப்படுவதை நானே பார்த்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். வேலை நடக்கும் இடத்துக்கே வரச்சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறவர் பையில் ஒரு மாத மாத்திரையும் மருத்துவக் குறிப்பேடும் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் பார்த்து அனுப்புங்கள்.

சித்திக்கு இப்போது வலது கை கொஞ்சம் வருகிறது. மாத்திரை எடுத்துக் கொடுப்பது சித்தப்பா.