உப்புக்காற்று வீசும் வீட்டின் குளிமுறிக்கு எந்தக் கண்ணாடி?

கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலைந்து தென்னைகள்தான். எங்கள் குளிமுறியின் வெள்ளை டைல்ஸ் பழசாகிவிட்டது. உடைத்து மாற்றக் கையில் பணம் இல்லை. கண்ணாடியை மட்டும் மாற்றினேன். இப்போது உள்ளே வருபவர்களின் கண் நேரே அதன் மேல்தான் போகிறது, டைல்ஸ் மேல் இல்லை. ஆனால் இதற்கு முன் வாங்கிய கண்ணாடி இரண்டே வருடத்தில் வீணாகிப் போனது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அது 3 மி.மீ. கண்ணாடி. ஓரம் தேய்க்காமல் வெட்டிக் கொடுத்தார்கள். பிட்டர் வந்து பின்பக்கம் முழுக்க சிலிக்கான் பசை தடவி, சுவரோடு சுவராக ஒட்டிவிட்டுப் போனார். இரண்டாவது ஆனி மழையில் கீழ் ஓரம் கறுத்தது. ஐப்பசி மழைக்குள் அந்தக் கறுப்பு இரண்டு இஞ்ச் மேலே ஏறிவிட்டது. முகம் காட்டுவது கண்ணாடியின் முதுகில் இருக்கும் வெள்ளிப் பூச்சு. அதன் மேல் பெயிண்ட் அடித்துக் காப்பார்கள். வெட்டிய ஓரத்தில் மட்டும் பூச்சு திறந்து கிடக்கும். உப்பு கலந்த ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். போதாததற்கு, ஒட்டிய சிலிக்கான் வினிகர் வாடை அடிக்கிற வகை. அதிலிருந்து வரும் அமிலமும் வெள்ளியைத் தின்னும்.

அதனால் கடையில் கண்ணாடியைத் திருப்பி முதுகையும் ஓரத்தையும் முதலில் பாருங்கள். 5 மி.மீ. கனம், நான்கு ஓரமும் பாலிஷ், காப்பர் சேராத பூச்சு: இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் தள்ளிச் சாய்வாக நின்று, எதிரே ஒரு நேர்க்கோடு கண்ணாடியில் எப்படித் தெரிகிறது என்றும் பாருங்கள். தலையை அசைக்கும்போது கோடு நெளிந்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம்.

அப்புறம் அளவு. எங்கள் வாஷ்பேசின் விளிம்பு தரையிலிருந்து 32 இஞ்ச். என் மாமியார் நாலடி எட்டு, வீட்டுக்காரர் ஐந்தடி பத்து. இரண்டு பேரும் குனியாமல் எக்காமல் முகம் பார்க்க வேண்டும். தினத்தந்தி தாளை வெட்டி, சுவரில் டேப் போட்டு இரண்டு நாள் விட்டேன். 40 இஞ்சில் தொடங்கி 70 இஞ்சில் முடியும் உயரம் எல்லோருக்கும் சரியாக வந்தது. அகலம் பேசினைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சுவரே ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருக்கும். சதுர டைல்ஸுக்கு வட்டக் கண்ணாடி அழகுதான். ஆனால் குட்டையானவர்களுக்கும் நெட்டையானவர்களுக்கும் வட்டத்தின் ஒடுங்கிய பகுதிதான் கிடைக்கும். அதனால் எங்கள் கோவில் ஜன்னலைப் போல மேலே வளைவு, கீழே நேர் என்று வெட்டச் சொன்னேன்.

சட்டத்துக்குத் தேக்கு. பத்மநாபபுரம் அரண்மனையில் கரிய மரங்களுக்கு நடுவே பெல்ஜியம் கண்ணாடிகளைப் பார்த்த நாளிலிருந்து மனதில் இருந்த ஆசை. தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் பவுடர் கோட்டிங் அடித்த அலுமினியம் வாங்குங்கள். எம்.டி.எஃப், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, ஈரத்தில் ஊதிவிடும். இப்போது எல்லோரும் கேட்கிற கறுப்பு இரும்புச் சட்டம் இந்தக் காற்றில் துருப்பிடிக்கும்.

ஆவி படியாத எல்.இ.டி. கண்ணாடிக்கு நம் ஊரில் பணம் செலவழிக்க வேண்டாம். நம்மில் பாதிப் பேர் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறோம், கண்ணாடியில் ஆவி படியவே படியாது. அந்தப் பணத்தில் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முக உயரத்தில் ஒவ்வொரு லைட் வையுங்கள். தலைக்கு மேல் மட்டும் லைட் இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கிளிப்பில் நிற்கட்டும், பின்னால் கால் இஞ்ச் காற்றோட்டம் இருக்கட்டும். ஸ்க்ரூ 316 ஸ்டீல், உப்புக்காற்றைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் வகை. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் சிலிக்கான் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அதையும் திட்டுத்திட்டாக வைக்கச் சொல்லுங்கள். துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் வேண்டாம்; வழிந்து கீழ் ஓரத்தில்தான் தங்கும்.

ஓரம் கறுத்த பழைய கண்ணாடியைத் தூக்கிப் போட வேண்டாம். கறுத்த பகுதியை வெட்டி எடுத்து, புது ஓரத்தைப் பாலிஷ் போட்டு வாங்கினேன். பின்வாசலில், துணி துவைக்கும் கல்லுக்கு மேலே மாட்டியிருக்கிறோம். வீட்டுக்காரர் ஷேவ் செய்வது அங்கேதான்.