பிள்ளைப்பூச்சியைத் தேடி வரும் குளவி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாகூர், நெல்லிக்குப்பம் பக்கத்து வயல்களில் வரப்பு ஓட்டையாகித் தண்ணீர் கசிந்தால், நண்டுக்கு அடுத்தபடியாகப் பிள்ளைப்பூச்சியின் மீதுதான் பழி விழும். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் சுவர்க்கோழியின் உறவான இப்பூச்சியையே இரையாகக் கொள்ளும் லார்ரா என்னும் குளவிப் பேரினம் இருப்பது பலருக்கும் தெரியாது.

வரப்போரம் தரையை முகர்ந்தபடி அலையும் கரிய குளவியைக் கண்டதும் அடித்துக் கொல்வது முதல் தவறு. இது தனித்து வாழ்வது; காக்க வேண்டிய கூடோ கூட்டமோ இல்லாததால், கையால் பிடித்து நசுக்கினாலன்றி நம்மைக் கொட்ட அதற்குத் தேவையே இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, வேட்டை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவது. பெண்குளவி வளைக்குள் புகுந்து பிள்ளைப்பூச்சியை வெளியே துரத்திக் கொட்டுகிறது. சில நிமிடங்கள் அசைவற்றுக் கிடக்கும் பூச்சியின் அடிப்புறத்தில், கால்களுக்கு இடையே ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடுகிறது. மயக்கம் தெளிந்த பூச்சி எதுவும் நடவாததுபோல் மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். ஆனால் முட்டையிலிருந்து வரும் புழு வெளியிலிருந்தபடியே அதன் உடற்சாற்றை உறிஞ்சி வளர்ந்து, சில வாரங்களில் அதைக் கொன்று தின்று, மண்ணிலேயே கூடு கட்டிக்கொள்கிறது. பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்தது என்று கேலி பேசுகிறோமே, உண்மையில் கொடுக்கு இருப்பது அதைத் தேடி வருபவளிடம்தான்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற பழைய நம்பிக்கையை இங்கே பொருத்திப் பார்ப்பதும் பிழையே. இரை உருமாறுவதில்லை, உணவாகிறது.

எந்த லார்ராவும் எந்தப் பிள்ளைப்பூச்சியையும் அடக்கிவிடும் என்று எண்ணுவதும் கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ளூர் லார்ரா இனம் அங்கேயே தோன்றிய பிள்ளைப்பூச்சியை மட்டும் தாக்கியது; தென்னமெரிக்காவிலிருந்து வந்து பரவிய பிள்ளைப்பூச்சிகளுக்காக, 1981-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்தும், பின்னர் பொலிவியாவிலிருந்தும் லார்ரா பைகலர் என்ற வேறோர் இனத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வளர்ந்த குளவிக்கு உணவு பூந்தேன். புளோரிடாவில் அது விரும்பி நாடும் பூச்செடி, நம் ஊர் நத்தைச்சூரியின் பேரினத்தைச் சேர்ந்தது. வரப்பில் ஒரு பூகூட மிஞ்சாமல் களைக்கொல்லி அடித்து, அதோடு நஞ்சும் தெளித்துவிட்டு, குளவி வந்து வேலை செய்யட்டும் என்று காத்திருப்பதில் என்ன நியாயம்?